நன்றி டீச்சர்

ஜூலை 3, புதன்

என் வகுப்புக்கு இன்று ஒரு வாயாடி வந்து சேர்ந்தது. பிள்ளை இல்லை, டேப்லட்.

கோமதிக்காக வந்தது. ஊரே அவளைக் கோமு என்றுதான் கூப்பிடுகிறது. ஐந்தாம் வகுப்பு, ஆட்டிசம் உள்ள பிள்ளை, பேச்சு கிடையாது. சத்தம் கூடினால் மேசையில் தலையை முட்டுவாள், இல்லாவிட்டால் எழுந்து ஓடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வாள். என் வகுப்பில் ஊசி விழுந்தாலும் கேட்கும் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்வார்கள். இவள் ஒருத்திதான் எனக்குப் பிடிபடாதவள்.

வட்டார வள மையத்திலிருந்து புதன்கிழமைதோறும் வரும் சிறப்பாசிரியை ஹிதாயாதான் கொண்டுவந்தாள். என் மகள் வயது. திரையில் ஆறு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு படம். தொட்டால் ஹிதாயாவின் குரலில் பேசும். தண்ணி, பாத்ரூம், வலிக்கு, வேண்டாம், சத்தம் ஜாஸ்தி, வெளிய போணும்.

“கட்டத்த மட்டும் மாத்தீராதீங்க டீச்சர். அவ படத்தப் பாத்து அமுக்க மாட்டா. எது எங்க இருக்குன்னு விரலுக்குப் பழகிரும், அத வச்சுத்தான் பேசுவா” என்றாள்.

“நான் எதுக்கும்மா மாத்தப்போறேன்” என்றேன்.

“சாயங்காலம் வீட்டுக்கும் குடுத்து விடுங்க.”

அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. அரசாங்கப் பொருள். கோமுவின் அம்மா முப்பிடாதி விடிந்தால் எலுமிச்சை மார்க்கெட்டுக்குக் காய் பிரிக்கப் போகிறவள். உடைந்தால் யார் பதில் சொல்வது? பள்ளி முடிந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

இட்லிக்கு ஊறப்போட மறந்துபோனேன். நாளைக்கு உப்புமா.

ஜூலை 5, வெள்ளி

மானம் போயிற்று. வீட்டுப்பாடம் எழுதாத நாலு தடியன்களை நிற்கவைத்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். ஓரத்திலிருந்து ஹிதாயாவின் குரல், “சத்தம் ஜாஸ்தி.” வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நான் முறைத்தேன். “வெளிய போணும்” என்றது பெட்டி. நிற்கிற தடியன்களுக்கும் சிரிப்பு.

வீட்டில் இவரிடம் சொன்னால், “நான் இத்தன வருஷமா சொல்ல நெனச்சத அந்தப் பிள்ள சொல்லிட்டாளே” என்கிறார். ராத்திரி இவருக்கு ரசம்தான்.

ஜூலை 11, வியாழன்

எழுத மனசில்லை, ஆனாலும் உண்மை உண்மைதான். இந்த வாரம் கோமு தலையை முட்டவில்லை. சத்தம் கூடினால் கட்டத்தை அமுக்குகிறாள், நான் தலையாட்டினால் தொட்டிப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டுத் தானாகத் திரும்பி வருகிறாள். நேற்று ஹிதாயா வந்து பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஒன்றும் செய்யவில்லை, வழிவிட்டேன், அவ்வளவுதான். ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை.

முழங்கால் வலி. கற்பூராதித் தைலம் தீர்ந்துவிட்டது.

ஜூலை 19, வெள்ளி

தலைமையாசிரியர் குற்றாலிங்கம் சார் மூச்சுவாங்க வந்தார். அடுத்த வியாழன் மேலிடத்திலிருந்து அதிகாரிகள் வருகிறார்களாம். பேசும் டேப்லட்டை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று பார்க்கிறார்களாம். வீடியோவும் எடுக்கவேண்டுமாம்.

“அதெல்லாம் சரி டீச்சர். வந்தவங்க முன்னால இந்தப் பிள்ள வேண்டாம், வெளிய போணும்னு அமுக்குனா நம்ம கதி என்ன? வலிக்குன்னு ஒரு கட்டம் வேற இருக்கு. நாம என்னமோ அடிச்சிட்டோம்னுல்லா நெனப்பாவ?”

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. ஹிதாயா பயிற்சிக்காகச் சென்னை போயிருக்கிறாள், அடுத்த மாதம்தான் வருவாள். “நான் பாத்துக்கிடுதேன் சார்” என்றேன்.

ஜூலை 21, ஞாயிறு

டேப்லட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். மூலையில் பென்சில் படம் ஒன்று இருக்கிறது. அதைத் தொட்டு, கட்டத்தைத் தொட்டு, மைக்கைத் தொட்டுப் பேசினால் பதிந்துவிடுகிறது. இதற்கா பயிற்சி!

தண்ணி, பாத்ரூம் இரண்டையும் தொடவில்லை. “வேண்டாம்” இருந்த இடத்தில் “சரி டீச்சர்”. “வெளிய போணும்” இருந்த இடத்தில் “வணக்கம் ஐயா”. “சத்தம் ஜாஸ்தி” போய் “எனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கும்”. “வலிக்கு” இருந்த இடத்தில் “நன்றி டீச்சர்”. படங்களையும் மாற்றிவிட்டேன். குரல் சின்னப் பிள்ளை மாதிரி வரவேண்டுமென்று கொஞ்சம் இழைத்துப் பேசினேன்.

இவர் எட்டிப் பார்த்தார். “ஏளா, நீயே ஒனக்கு நன்றி சொல்லிக்கிடுதியா?”

“சும்மா இருங்க, பதிஞ்சிரும்” என்றேன்.

வியாழக்கிழமை முடிந்ததும் பழையபடி மாற்றிவிட வேண்டும்.

ஜூலை 22, திங்கள்

கோமு “வேண்டாம்” இருந்த இடத்தைத் தொட்டாள். “சரி டீச்சர்” என்றது. கையை இழுத்துக்கொண்டாள். டேப்லட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடி தொட்டாள். புதுக் குரல், பழகிவிடும்.

மரியாதையாகப் பேசும்போதெல்லாம் க்ளாப்ஸ் கொடுக்கவேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தேன். ஊக்கம் கொடுத்தால்தானே பழகும்.

ஜூலை 24, புதன்

நேற்றும் இன்றும் கோமுவிடம் “நன்றி டீச்சர்” தவிர வேறு பேச்சில்லை. ஒவ்வொரு தடவையும் வகுப்பே கைதட்டுகிறது. மற்ற கட்டங்களை மறந்தேபோனாள். நாளைக்கு இதுவே போதும்.

பட்டுப்புடவையை இஸ்திரிக்குக் கொடுத்தேன். நீலம் வேண்டாம், அரக்கு.

ஜூலை 25, வியாழன்

நன்றாக நடந்தது. அதிகாரி அம்மா கோமு பக்கத்தில் குனிந்து, “உன் பேரென்னம்மா?” என்றார்கள். கோமு அமுக்கினாள். “நன்றி டீச்சர்.” அந்த அம்மா அப்படியே நெகிழ்ந்துபோனார்கள். “உனக்கு டீச்சரை அவ்வளவு பிடிக்குமா?” “நன்றி டீச்சர், நன்றி டீச்சர்.” எல்லாரும் கைதட்டினார்கள். குற்றாலிங்கம் சார் வீடியோ எடுத்துக்கொண்டே கைதட்டப் பார்த்து போனைக் கீழே போடப்போனார்.

கோமுவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. “ஆனந்தக் கண்ணீர்” என்றார்கள் அந்த அம்மா. நானும் ஆமாம் என்றேன்.

ஜூலை 27, சனி

வீடியோ எல்லா ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றுகிறது. அக்கா மதுரையிலிருந்து போன் பண்ணி அழுதாள். மாவட்டத்தில் மாதிரி வகுப்பாக நம் வகுப்பைச் சொல்லப்போகிறார்களாம்.

கட்டங்களை மாற்றவேண்டும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். வகுப்பும் அமைதியாக இருக்கிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இங்கே யார் பார்க்கப்போகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. இத்தனை வருஷத்தில் எனக்கு வாய்விட்டு நன்றி சொன்ன பிள்ளை எது? என் குரல்தான், தெரியும். இருந்தாலும் நன்றாக இருக்கிறது.

ஜூலை 30, செவ்வாய்

கடித்துவிட்டாள்.

காலையிலிருந்து நிறுத்தாமல் “நன்றி டீச்சர்”. பின்னம் நடத்திக்கொண்டிருக்கிறேன், காதில் ஓயாமல் அதுவே. பிள்ளைகள் கைதட்டிக் கைதட்டி பாடமே ஓடவில்லை. சத்தத்தைக் குறைக்கலாம் என்று குனிந்தேன். மணிக்கட்டைப் பிடித்துக் கடித்தாள். பல் பதிந்துவிட்டது. அப்புறம் மேசையில் தலையை முட்டத் தொடங்கினாள், பழையபடி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவ்வளவு செய்தும் இப்படியா? டேப்லட்டைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். “ஒழுங்கா இருந்தாத்தான் தருவேன்” என்றேன். அவள் வந்து பீரோக் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். மணி அடிக்கும்வரை அப்படியே நின்றாள். நானும் கொடுக்கவில்லை.

கையில் மஞ்சள் பற்றுப் போட்டிருக்கிறது.

ஜூலை 31, புதன்

கோமு வரவில்லை. வகுப்பு நிம்மதி.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மத்தியானம் முப்பிடாதி வந்தாள். கோமுவுக்குக் காதில் சீழ் வந்துவிட்டதாம். தென்காசியில் டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். காதுச் சவ்வு ஓட்டையாகியிருக்கிறது, பல நாளாக வலி இருந்திருக்கும், முன்னாடியே கொண்டுவந்திருந்தால் சவ்வு தப்பியிருக்கும் என்றாராம்.

“ஒரு வாரமா உறங்கல டீச்சர். தலையில அடிச்சிக்கிடுவா. எப்பவும் அடிக்கவதானேன்னு விட்டுட்டேன். சளியா இருக்கும்னு கஷாயம் வச்சுக் குடுத்தேன். எங்க வலிக்குன்னு கேட்டா சொல்லத் தெரியுமா அதுக்கு? அந்தப் பேசுத பொட்டி வீட்ல இருந்துச்சுன்னா வலிக்குன்னு அமுக்கிருப்பா. புதங்கெழம, வியாழக்கெழம ரெண்டு நாளும் நான் பள்ளிக்கூடத்துக்கு விடல. வந்திருந்தா ஒங்ககிட்டயாவது சொல்லிருப்பா. நான் பாவி.”

நான் மேசைமேல் கிடந்த நோட்டுகளை அடுக்கினேன்.

போகும்போது போனை எடுத்து அந்த வீடியோவைக் காட்டினாள். “மார்க்கெட்ல எல்லார்ட்டயும் காட்டிட்டேன். எம்பிள்ள நன்றி சொல்லுதான்னு. நீங்க நல்லா இருக்கணும் டீச்சர்.” என் கையைப் பிடித்தவள் கடித்த இடத்தைப் பார்த்துவிட்டாள். “அவளா? ஐயோ, மன்னிச்சிருங்க” என்று அந்த இடத்தைத் தடவிக்கொடுத்தாள்.

ராத்திரி சாப்பிடவில்லை. தலைவலி என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 3, சனி

வீடியோவைப் பார்த்தேன். இதுவரை அதில் நான் எப்படி இருக்கிறேன் என்றுதான் பார்த்திருக்கிறேன். அரக்குப் புடவை, தலையில் பூ. இன்றுதான் அவளைப் பார்த்தேன்.

ஆரம்பம் முதல் கடைசிவரை அவள் இடது கை காதைப் பொத்திக்கொண்டிருக்கிறது. வலது கை ஒரே மூலையைத் தொடுகிறது, “வலிக்கு” இருந்த மூலை. தொட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். பெட்டி என் குரலில் எனக்கு நன்றி சொல்கிறது. நான் சிரிக்கிறேன். கைதட்டும்போது அவள் காதை இன்னும் அழுத்தி மூடுகிறாள். மறுபடி அதே மூலை. மறுபடி என் முகம்.

கட்டத்தை மாற்றவேண்டாம் என்று ஹிதாயா முதல் நாளே சொன்னாள். இதே நாட்குறிப்பில் எழுதியும் வைத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் வலிக்கிறது, வலிக்கிறது என்று கத்தியிருக்கிறாள். நான் சத்தத்தைக் குறைக்கப் போனேன். அப்புறம் வாயையே பிடுங்கிப் பூட்டிவைத்தேன்.

சீ என்றிருக்கிறது. இன்று கண்ணாடி முன் நின்று பொட்டு வைக்கவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

குற்றாலிங்கம் சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“டீச்சர், நீங்க வேணும்னா செஞ்சீங்க? காதுவலி யாருக்கும் வரும். இது நமக்கு ரெண்டு பேருக்கு மட்டுந்தான் தெரியும். பழையபடி மாத்தி வச்சிட்டுப் பேசாம இருங்க. இப்பப்போய்ச் சொன்னா அந்தப் பொம்பள மனசுதான் கஷ்டப்படும்.”

முடியாது சார் என்று சொன்னதாக எழுத ஆசை. சொல்லவில்லை. அவர் அப்படிச் சொன்னதும் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கினாற்போல இருந்தது. சரி சார் என்றேன். டீ வாங்கிக்கொடுத்தார், குடித்தேன்.

மாற்றுவதற்கு உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, பழைய குரல் இல்லை. நான் பேசியது அதன் மேலேயே பதிந்து ஹிதாயாவின் குரலை அழித்துவிட்டது. என் குரலில் “வலிக்கு” என்று பதியலாம். மைக்கைத் தொட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

ஹிதாயா பயிற்சி முடிந்து வந்தாள். சொல்லிவிட்டேன். நானாக மனம் திருந்திச் சொல்லவில்லை. குரல் அழிந்துபோனது, அவள் திறந்தால் கண்டுபிடித்துவிடுவாள், அதனால் சொன்னேன்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. மூலைக் கட்டத்தைத் தொட்டாள். “நன்றி டீச்சர்.” இன்னொரு தடவை தொட்டாள். இழைத்து இழைத்து நான் பேசியது அந்தச் சின்ன அறை முழுக்கக் கேட்டது. எனக்கு எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

“அவளுக்கு வாயி இது ஒண்ணுதான டீச்சர்” என்றாள். அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பதிந்தாள். “வலிக்கு” என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அழித்துவிட்டு மறுபடி பதிந்தாள்.

“முப்பிடாதி அக்காட்ட நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டா?”

“நானே சொல்லுதேன்” என்றேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

தெருமுனைவரை போனேன். அவர்கள் வீட்டில் விருந்தாள் வந்திருப்பதுபோலத் தெரிந்தது, திரும்பிவிட்டேன். விருந்தாள் எல்லாம் யாரும் இல்லை. வாசலில் கிடந்தது அவர்கள் வீட்டுச் செருப்புதான்.

ஆகஸ்ட் 10, சனி

சொல்லிவிட்டேன்.

கோமு கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், காதில் பஞ்சு. முப்பிடாதி ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கிவந்து போட்டாள், எனக்குக் குடிக்கக் கலர் வாங்கிவர யாரையோ அனுப்பப் போனாள். தடுத்து உட்காரவைத்துச் சொன்னேன். கட்டத்தை மாற்றியது, ஏன் மாற்றியது, பீரோவில் பூட்டியது எல்லாம். நடுவில் குற்றாலிங்கம் சார் பேரை இழுக்கப் பார்த்தேன், விழுங்கிவிட்டேன். மாற்றிய விரல் என்னுடையது.

அவளுக்கு முதலில் புரியவில்லை. போனை எடுத்து வீடியோவை ஓடவிட்டாள். பாதியில் நிறுத்தினாள்.

“அப்ப இதுல எம்பிள்ள வலிக்குன்னா சொல்லுதா?”

“ஆமா முப்பிடாதி.”

“எல்லாரும் கை தட்டுதீங்க.”

“ஆமா.”

“நானும் மார்க்கெட்ல எல்லார்ட்டயும் காட்டிச் சிரிச்சனே டீச்சர்.”

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அழவும் எனக்கு வெட்கமாக இருந்தது, அவள் வீட்டில் உட்கார்ந்து அவள் என்னைத் தேற்றவேண்டும் என்று கேட்பதுபோல. அவள் தேற்றவில்லை. போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தாள்.

“நீங்க போங்க டீச்சர். அவளுக்கு மருந்து ஊத்தணும்.”

நாற்காலியைப் பக்கத்து வீட்டில் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஆசிரியர் குழுவில் எழுதினேன். அந்த வீடியோவில் பிள்ளை நன்றி சொல்லவில்லை, காது வலிக்கிறது என்றுதான் சொன்னாள், கட்டத்தை மாற்றியது நான், தயவுசெய்து யாரும் பகிரவேண்டாம் என்று. நிறையப் பேர் படித்ததாகக் காட்டியது. யாரும் பதில் போடவில்லை. கொஞ்சநேரம் கழித்து யாரோ ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் அனுப்பினார்கள்.

குற்றாலிங்கம் சார் என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். இவர் மட்டும் சாயங்காலம் ஒன்றும் கேட்காமல் தோசை ஊற்றிக்கொடுத்தார். கருகியிருந்தது.

ஆகஸ்ட் 19, திங்கள்

கோமு வந்தாள். முப்பிடாதி வாசல்வரை வந்து விட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் போய்விட்டாள். டேப்லட் இப்போது கோமுவின் தோளிலேயே தொங்குகிறது, ராத்திரி அவள் வீட்டுக்குப் போகிறது. ஹிதாயா வார் தைத்துக் கொடுத்திருக்கிறாள்.

காலை முழுக்க அவள் ஒரு கட்டத்தையும் தொடவில்லை. விரலைக் கிட்டே கொண்டுபோவாள், எடுத்துவிடுவாள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. பிள்ளைகளிடம் இனிமேல் க்ளாப்ஸ் கிடையாது என்று சொல்லியிருந்தேன். ஏன் டீச்சர் என்றார்கள். நான் தப்புப் பண்ணிவிட்டேன், அதனால்தான் என்றேன். வகுப்பு அமைதியாக இருந்தது. எப்போதும் இருக்கிற அமைதி மாதிரி இல்லை.

மத்தியானம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேனா, என்ன நினைத்தேன் என்று தெரியவில்லை. “கோமு” என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. விரலை நீட்டினாள். திரும்ப எடுத்தாள். பிறகு அமுக்கினாள்.

“வேண்டாம்.”

எழுந்து தள்ளி நின்றேன். அவள் பெட்டியைப் பார்த்தாள், நான் நகர்ந்த இடத்தைப் பார்த்தாள். மறுபடி, “வேண்டாம்.” கரும்பலகைப் பக்கம் போனேன். “வேண்டாம்.” புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசற்படிக்கு வெளியே போய் நின்றேன். அதற்குப் பிறகு அவள் அமுக்கவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து பென்சிலை எடுத்துக்கொண்டாள்.

அங்கே நின்றே பின்னம் நடத்தினேன். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார்கள். அந்நேரம் பார்த்து குற்றாலிங்கம் சார் வராந்தாவில் வந்தார். ஒரு வாரமாகப் பேசாதவர் நின்றுவிட்டார்.

“என்ன டீச்சர், வெயில்ல வெளிய நிக்கீங்க?”

“உள்ள வேண்டாம்னு சொல்லிட்டா சார்” என்றேன்.